மயில் வளர்க்கலாமா, சித்தப்பா?

பெண்ணாடத்தில் ரயிலேறி விருத்தாசலம் போய்ச் சேர்வதற்குள் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணில் ஒரு மயிலாவது படவில்லை என்றால் அவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். அல்லது செல்போன் பார்த்துக்கொண்டு வந்திருப்பார். தண்டவாளத்தை ஒட்டிய வேலிக்காத்தான் புதர், அறுவடை முடிந்த கம்பங்கொல்லை, வெள்ளாற்றுக் கரை, முந்திரித் தோப்பு என்று எல்லா இடத்திலும் மேய்கின்றன. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மயில் ஒன்றும் அதிசயம் இல்லை. "அதோ மயிலு" என்று யாராவது கைகாட்டினால் அவர் வெளியூர்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நிலைமை வேறு. மயில் பார்க்க வேண்டுமென்றால் விராலிமலைக்குப் போக வேண்டும். பள்ளிச் சுற்றுலாவில் கூட்டிப் போவார்கள். மலைப்படியில் குரங்கு தின்பண்டத்தைப் பிடுங்கும், மயில் பாறை மேல் நிற்கும், வாத்தியார் எங்களை எண்ணிக்கொண்டே இருப்பார். ஊரில் மயிலைப் பார்த்ததெல்லாம் முருகன் படத்தில்தான்.

இடையில் என்ன நடந்தது? குள்ளநரி குறைந்துபோனது ஒரு காரணம். தரையில் முட்டையிடும் பறவைக்கு நரி இல்லாத ஊர் நல்ல ஊர். வேலிக்காத்தான் பெருகியதும், புதர்க்காடாகக் கிடந்த தரிசும், மயிலை அடிக்கப் பயப்பட வைத்த சட்டமும், முருகன் வாகனம் என்ற பக்தியும் சேர்ந்துகொண்டன. இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2020இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையும், அதன் பிறகு 2023இல் வந்ததும், நாடு முழுக்க மயில் பெருகிவருவதைச் சொல்கின்றன. 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுத்தபோது அவர் பட்டியலில் மயிலே இல்லை. இன்று கேரளத்தின் எல்லா மாவட்டத்திலும் மயில் அகவுகிறது. பச்சைப் பசேல் மலையாள நாட்டில் வறண்ட நிலத்துப் பறவை குடியேறுகிறதே, நிலம் காய்ந்து வருகிறதா என்று அங்கே கவலைப்படுகிறார்கள்.

இப்படிக் கண்ணெதிரே திரிந்தால் ஆசை வரத்தானே செய்யும்? கொல்லைக்கு வருகிறது, தானியம் தின்கிறது, ஆளைப் பார்த்து முன்போல ஓடுவதில்லை. ஒன்றைப் பிடித்து வளர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறார்கள். போன சித்திரையில் கேட்டவன் என் அண்ணன் மகன். முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவம். தோப்பிலிருந்து போன் செய்தான்.

"சித்தப்பா, தோப்புல மயில் முட்டை கெடக்கு. நம்ம ஊட்டுக் கோழி அடையில இருக்கு. எடுத்தாந்து வச்சுடட்டா?"

"தொட்டியா?"

"இன்னும் இல்ல. கொட்ட பொறுக்க வந்தவங்கதான் காட்டுனாங்க."

"தொடாத. அப்படியே திரும்பி வா."

"ஏன் சித்தப்பா, யூடியூப்ல எல்லாம் வளக்குறாங்களே?"

வளர்க்கிறார்கள்தான். எந்த நாட்டில் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நம் மயில் வளர்ப்புப் பறவை. வாத்து, வான்கோழி மாதிரி பண்ணையில் குஞ்சு விற்பார்கள், தபாலில்கூட முட்டை வாங்கலாம். அந்த வீடியோவைப் பெண்ணாடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்படியே செய்யக் கிளம்பினால் நேரே கோர்ட்டில்தான் போய் நிற்க வேண்டும்.

மயில் 1963இல் தேசியப் பறவையானது. கானமயில், சாரசக் கொக்கு, கருடன் எல்லாம் போட்டியில் இருந்தன. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், இயற்கையியல் எழுத்தாளர் மா. கிருஷ்ணன், அந்த நாளில் நடந்த இந்த விவாதத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். நாடெங்கும் இருக்க வேண்டும், படிக்காதவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், வேறு நாட்டின் சின்னமாக இருக்கக் கூடாது என்றெல்லாம் பார்த்ததில் மயில் ஜெயித்தது. பிறகு 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மயில் அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கும் அதே இடத்தில். பிடிப்பது, அடைப்பது, விற்பது எதுவும் கூடாது. குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், முட்டையும் கணக்கில் சேரும் என்பது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கியால் சுடுவது, வலை வைப்பது மட்டும் வேட்டை இல்லை. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான். ஆசையாக எடுத்துவந்து கோழிக்கு அடை வைத்த பையனும் சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரன்.

தோகைக்கு மட்டும் விலக்கு உண்டு. தானாக உதிர்ந்த இறகை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், உள்ளூரில் வாங்கலாம், விற்கலாம். ஏற்றுமதி செய்யக் கூடாது. ஆடி மாதம் காவடிக்கு மயிலிறகு கட்டுபவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

சரி, சட்டத்தைத் தள்ளி வைப்போம். சட்டமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் நான் அண்ணன் மகனிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம், மயிலை வளர்ப்பதும் மயிலோடு பழகுவதும் ஒன்றுக்கொன்று நேரெதிர்.

கோழி முட்டை 21 நாளில் பொரியும். மயில் முட்டைக்கு 28 நாள். பொறுமையான கோழி கூடுதலாக ஒரு வாரம் உட்காரும், அது ஒன்றும் பிரச்சினை இல்லை. பிரச்சினை குஞ்சு வெளியே வந்த பிறகு. கோழியின் குடலில் ஒரு வகைப் புழு இருக்கும். அந்தப் புழுவின் முட்டை வழியாக ஒரு கிருமி மண்ணுக்கு வரும். கோழிக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. வான்கோழிக்கும் மயிலுக்கும் ஈரலைத் தின்றுவிடும். மஞ்சளாகக் கழிந்து, கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு செத்துப்போகும். அமெரிக்காவில் மயில் வளர்ப்பவர்களே கோழி திரிந்த மண்ணில் குஞ்சை விடாதே என்றுதான் முதல் பாடமாகச் சொல்வார்கள். நாம் என்னவென்றால் கோழியையே தாயாக்கப் பார்க்கிறோம்!

தீனியும் அப்படித்தான். நொய்யும் கேழ்வரகும் மட்டும் போட்டால் குஞ்சு தேறாது. தாய்மயில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கறையான் புற்றைச் சீய்த்துக் காட்டும். வெட்டுக்கிளி, புழு, சின்ன ஓணான் என்று எதை எப்படிப் பிடிப்பது என்பதை அதன் பின்னாலேயே ஓடித்தான் குஞ்சு கற்கும். பொரித்த சில நாளிலேயே இறக்கையடித்துத் தாவத் தொடங்கிவிடும். அந்தி சாய்ந்தால் மரத்துக்கு ஏறிப் போக வேண்டும் என்பதும் தாய் சொல்லிக்கொடுப்பதுதான். கோழிக்குத் தெரிந்ததெல்லாம் பஞ்சாரம்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று பிழைத்து வளர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உண்மையான வம்பு. யார் முகத்தைப் பார்த்து வளர்கிறதோ அவர்களையே தன் இனம் என்று குஞ்சு நினைத்துக்கொள்ளும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ் எழுதியது ஒன்று உண்டு. வியன்னாவில் ஷான்புருன் மிருகக்காட்சி சாலை. கூடப்பிறந்த குஞ்சுகள் எல்லாம் குளிரில் செத்துவிட, ஒரு வெள்ளை மயில் குஞ்சு மட்டும் மிஞ்சியது. கதகதப்பான இடம் எது என்று பார்த்து ராட்சத ஆமைகள் இருந்த அறையில் அதை விட்டார்கள். குஞ்சு பிழைத்தது, அழகான ஆண்மயிலாகவும் வளர்ந்தது. ஆனால் கடைசிவரை அது தோகை விரித்தது ஆமைகளுக்குத்தான். எத்தனை பெண்மயில் முன்னால் நின்றாலும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆமையின் இடத்தில் நம்மை வைத்துப் பாருங்கள். வளர்ந்த ஆண்மயில் 4 கிலோவிலிருந்து 6 கிலோ வரை எடை, காலில் சேவலைப் போல முள், பயம் என்பது துளியும் கிடையாது. குழந்தை குறுக்கே வந்தால் போட்டிக்கு வந்த இன்னொரு ஆண் என்று நினைத்துப் பாயும். குஞ்சாக இருந்தபோது தோளில் ஏறி உட்கார்ந்தது என்று சொல்லிக்கொண்டு அதைக் கூண்டில் போடுவோம். பழகிய மயில் என்று ஆரம்பித்தது அடைத்த மயில் என்று முடியும். திரும்பக் காட்டில் விடவும் முடியாது, அதற்கு நாயைக் கண்டு பறக்கத் தெரியாது.

மனம் நிறைந்து மயில் வளர்த்தவர் என்றால் எனக்குத் தெரிந்து அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர்தான். ஜார்ஜியா மாநிலத்தில் மில்லெட்ஜ்வில் ஊருக்கு வெளியே ஆண்டலூசியா என்று அவர்கள் பண்ணை. ஃபுளோரிடாவிலிருந்து ஒரு ஜோடியையும் நான்கு குஞ்சுகளையும் ரயிலில் வரவழைத்தார். அது பெருகி ஏறத்தாழ நாற்பதாகிவிட்டது. 1961இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தேடிப் படியுங்கள், சிரித்துக்கொண்டே படிக்கலாம். அம்மா ஆசையாக வைத்த பூச்செடியில் ஒரு பூ மிஞ்சாது, அத்திப்பழம் மிஞ்சாது. இரவெல்லாம் அகவல். வேலி மேல் ஏறி உட்கார்ந்து வேலியைச் சாய்க்கும். அத்தனையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒன்று கவனித்தேன். அவர் மயிலைக் கூண்டில் வைக்கவில்லை, மடியிலும் வைக்கவில்லை. பண்ணையையே அவற்றுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். ஒருவகை நோயில் உடம்பு முடியாமல் போய், 1964இல் 39 வயதில் இறந்தார்.

ரோமாபுரிக்காரர்களைப் பற்றிச் சொல்லாமலே விடலாம். அவர்களும் மயில் வளர்த்தார்கள், விருந்தில் சமைத்துத் தின்ன. மயிலைக் கொழுக்க வைத்து விற்று ஒருவர் வருஷத்துக்கு 60,000 வெள்ளிக்காசு பார்த்தார் என்று வாரோ என்ற ரோமானிய எழுத்தாளர் அந்தக் காலத்து வேளாண் நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் கொல்லைக்கு ஒரு ஆண்மயில் வரும். வீட்டுக்காரி அதைப் "பெரியவர்" என்பாள். "பெரியவர் வந்துட்டாரு, கதவச் சாத்தாதீங்க." பொழுது விடிந்து பால்காரர் போன பிறகு கிணற்றுமேட்டுப் பக்கமாக இறங்கும். முதலில் கழுத்து மட்டும் வரும். ஒரு கால் தூக்கி, விரல்களை மடக்கி, அப்படியே நிற்கும். நாய் கட்டியிருக்கிறதா, நான் உட்கார்ந்திருக்கிறேனா, புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றால் அந்தக் காலைக் கீழே வைக்கும். புதுத் துண்டு கொடியில் காய்ந்தால் அன்றைக்கு வராது. எங்களுக்கும் அதற்கும் நடுவே பத்தடி இடைவெளி. அதைக் குறைக்க நாங்கள் முயன்றதில்லை, அதுவும் முயன்றதில்லை. கையில் வைத்து ஊட்டுவது கிடையாது. தண்ணீர்த் தொட்டி ஒன்று, கோடையில் அதுதான் முக்கியம். தானியம் கொஞ்சம் இறைந்து கிடந்தால் பொறுக்கும், இல்லாவிட்டால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும்.

தோகை விரிப்பதை எல்லோரும் முன்னாலிருந்து பார்ப்பார்கள். பின்னாலிருந்து பாருங்கள் என்பேன். நாம் வால் என்று நினைக்கிற நீளத் தோகை உண்மையில் வாலே இல்லை. வாலின் மேலே மூடிக்கொண்டு வளர்ந்த இறகுகள். அசல் வால் பழுப்பு நிறத்தில், கட்டையாக, விசிறி போல் பின்னால் நின்று அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். முன்பக்கம் ராஜா, பின்பக்கம் சுமைதூக்கி. விரித்த தோகையைச் சடசடவென்று உதறும்போது, நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியும் அதிலிருந்து கிளம்புகிறது என்று கனடாவில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அந்த நீலத்தில் நீலச் சாயமே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. இறகின் நுண்ணிய அடுக்கில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதான் நீலமாகத் தெரிகிறது.

சித்திரையிலிருந்து ஆடி வரை பெரியவர் கொஞ்சம் முரடர். மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் இன்னொரு மயில் தெரிகிறதல்லவா, அதைக் கொத்தாமல் விட மாட்டார். கண்ணாடிக்குப் பழைய துணிப்பையை மாட்டிவிட்டால் சண்டை தீர்ந்தது. ஆவணி, புரட்டாசியில் தோகையை உதிர்த்துவிட்டு வருவார் பாருங்கள், ஆள் அடையாளமே தெரியாது. குரலும் அடங்கிவிடும். தெருப்பிள்ளைகள் வரப்பு வரப்பாக இறகு தேடிப் போவார்கள். ஆண்மயில் கண்ணீரைக் குடித்துத்தான் பெண்மயில் கருத்தரிக்கிறது என்று 2017இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஓய்வு பெறுகிற நாளில் சொல்லி நாடே சிரித்தது. எங்கள் கொல்லைக்கு வந்து சித்திரையில் ஒரு வாரம் தங்கியிருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

மயிலைப் பற்றி இப்படி உருகி எழுதினால் பக்கத்துக் கொல்லைக்காரர் கோபப்படுவார். கோபத்தில் நியாயம் இருக்கிறது. மல்லாட்டை (நிலக்கடலை) விதைத்த மறுநாள் சால் பிடித்து வந்து பருப்பைப் பொறுக்கும். முளை விட்டதைக் கிள்ளும். கம்பு, சோளம், மிளகாய், தக்காளி எதையும் விடாது. "நீங்க கொல்லையில தண்ணி வச்சு வளக்குறீங்க, அது எங்கிட்ட வந்து சாப்புடுது" என்று நேராகவே சொன்னார். விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. நியாயம் கிடைக்காதவர்கள் காகிதத்தில் குறையை எழுதி அங்கே பிராது கட்டுவார்கள். "மயில் மேல பிராது கட்டலாம்னு பாத்தா, அங்க இருக்கறவரும் முருகனாச்சே, வண்டியவா விட்டுக்கொடுப்பாரு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எல்லா ஊரிலும் சிரிப்போடு நிற்பதில்லை. நெல்லில் விஷம் கலந்து வைத்து மயில்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்த செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. பயிர்ச் சேதத்துக்கு ஒழுங்கான இழப்பீடு கொடுக்காமல் விவசாயியிடம் தேசியப் பறவை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இது நிற்காது.

அவர் சொன்ன பிறகு கொல்லையில் தானியம் இறைப்பதைக் குறைத்துவிட்டோம். ஓரிடத்தில் தீனி கிடைத்தால் மயில் அங்கேயே கூடும், கூடினால் சுற்றுவட்டாரத்துக்குச் சேதம். "2020இல் பிரதமரே தன் வீட்டில் மயிலுக்குத் தீனி வைக்கிற வீடியோ வந்ததே" என்று அண்ணன் மகன் மடக்கினான். டெல்லியில் அந்தப் பெரிய பங்களாக்கள் இருக்கும் பகுதியில் மயில்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. அங்கே பக்கத்தில் மல்லாட்டைக் கொல்லை இல்லை. அதுதான் வித்தியாசம். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவனும் போர்வையைப் போர்த்திவிட்டுப் போனான், வீட்டுக்குப் பிடித்துக்கொண்டு போகவில்லை.

என் தங்கை வீட்டுக்காரர் இதற்கெல்லாம் ஒரே தீர்வு வைத்திருக்கிறார். "வீட்டுக்குள்ள மயில் வேணும்னா விருத்தாசலத்துல பீங்கான் மயில் விக்குது மச்சான், வாங்கி ஷோகேஸ்ல வையுங்க. கத்தாது, கொத்தாது, கேஸும் கிடையாது." செராமிக் ஊர்க்காரர் வேறு எப்படிப் பேசுவார்?

அந்தத் தோப்பு முட்டைகளுக்கு வருகிறேன். கூடு இருந்த இடத்தைச் சுற்றி நாலு முந்திரி மரத்தடியைச் சுத்தம் செய்யாமல் விட்டுவிடும்படி சொன்னேன். கொட்டை பொறுக்க வந்த அம்மாக்களே அந்தப் பக்கம் போகாமல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்தார்கள். அன்று சாயங்காலமே பெண்மயில் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. ஐந்து முட்டையில் மூன்று குஞ்சு வெளியே வந்தது. அதில் ஒன்றைத் தெருநாய் பிடித்துவிட்டது. மற்ற இரண்டும் தாயோடு ஓடைப் பக்கம் போய்விட்டன.

உங்கள் கொல்லையிலும் தோப்பிலும் மயில் முட்டை கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தொடாதீர்கள். அந்த இடத்தை மட்டும் ஒரு மாதம் விட்டுவையுங்கள், அங்கே சருகைக் கொளுத்தாதீர்கள். அடிபட்ட மயிலோ தாயில்லாத குஞ்சோ கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். நாய் வைத்திருப்பவர்கள் சித்திரை முதல் ஆவணி வரை தோப்புக்குப் போகும்போது அதைக் கட்டிப்போட்டுவிட்டுப் போங்கள்.